"நெத்தியில என்னம்மா அது?" விசுவாசத்தைப் பகிர்வது பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் கத்தோலிக்கத் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் மாலைப் பூசை முடிந்து, சிங்கப்பூரில் உள்ள என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். லிஃப்டில் எதிர்வீட்டு அக்கா, கையில் காய்கறிப் பையோடு. என் நெற்றியைப் பார்த்தவர், "என்னம்மா, நீங்களும் விபூதி வைக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் சொன்ன பதில்: "அது ஒண்ணுமில்லக்கா, கோயில்ல வச்சாங்க."

எங்கள் மாடி வந்தது. அவர் கதவை அவர் திறந்தார், என் கதவை நான் திறந்தேன்.

சட்டியில் கஞ்சி கொதிக்கும்போதுதான் உறைத்தது. போன வருடக் குருத்து ஞாயிறன்று கையில் பிடித்த ஓலையை எரித்து எடுத்த சாம்பல் அது. "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று சொல்லி நெற்றியில் பூசுகிறார்கள். அந்த அக்காவின் மாமனார் தவறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மண்டாயில் தகனம் முடிந்து சாம்பலை வாங்கி வந்த குடும்பம் அது. சாம்பல் என்றால் என்ன என்று அந்த வாரத்தில் எங்கள் புளோக்கிலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான். அவரிடம் போய் "ஒண்ணுமில்ல" என்றிருக்கிறேன். எங்கள் பங்குக் கோயிலில் பெரியவர்களுக்கான மறைக்கல்வி வகுப்புக்கு உதவி செய்கிற ஆள் நான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

விசுவாசத்தைப் பகிர்வது என்றால் என்ன என்று அந்த வகுப்பில் பலர் கேட்பார்கள். அதற்கு நான் வழக்கமாகச் சொல்வதைவிட இந்த லிஃப்ட் கதை நன்றாக விளங்கவைக்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

யாருடைய வேலை இது?

கோயிலில் பாதர்கள் 'நற்செய்தி அறிவிப்பு' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே மைக், மேடை, துண்டுப் பிரசுரம், கதவைத் தட்டும் இரண்டு பேர் என்று மனசில் ஒரு படம் ஓடும். திருச்சபை கேட்பது அதைவிட எளியது. இயேசுவால் என் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதை நான் நடந்துகொள்கிற விதத்தாலும், கேட்டால் வாய் திறந்து சொல்வதாலும் பிறர் அறியச் செய்வது. கேட்டவர் கிறிஸ்தவர் ஆகிறாரா என்பது கடவுளுக்கும் அவருக்கும் உள்ள விஷயம். அந்தக் கணக்கை நாம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் ஒருவர் வருகிறார். கல்லறைகளுக்கு நடுவே கிடந்து, சங்கிலிகளை உடைத்துக்கொண்டு, ஊரே பயந்து ஒதுக்கிய மனிதர். இயேசு அவரைக் குணமாக்குகிறார். "உங்ககூடவே வந்துடறேன்" என்று அவர் கெஞ்சுகிறார். இயேசு சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போ, ஆண்டவர் உனக்குச் செய்ததை உன் சொந்தக்காரர்களிடம் சொல் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, வகுப்பும் இல்லை. குணமான கையோடு அவரை வீட்டுக்கு அனுப்புகிறார். சொல்வதற்கு அவரிடம் இருந்தது தன் கதை ஒன்றுதான்.

ஆகவே இது சாமியார், சிஸ்டர் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. ஞானஸ்நானம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) அழுத்தமாகவே சொன்னது. நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பாதர் எங்கள் லிஃப்டில் ஏறப்போவதில்லை. என் ஆபீஸ் பேன்ட்ரிக்கும் வரப்போவதில்லை. சிங்கப்பூரில் கத்தோலிக்கர் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 7 விழுக்காடு. அதாவது நூறு பேரில் ஏழு பேர். உங்களோடு வேலை செய்கிறவருக்குத் தெரிந்த ஒரே கத்தோலிக்கத் தமிழர் நீங்களாகவே இருக்கலாம்.

செயலா, சொல்லா?

"எப்போதும் நற்செய்தியை அறிவியுங்கள், தேவைப்பட்டால் சொற்களையும் பயன்படுத்துங்கள்." அசிசி நகர் புனித பிரான்சிஸ் சொன்னதாக இதைச் சுவரொட்டியிலும் குவளையிலும் பார்த்திருப்பீர்கள். அவர் எழுதியவற்றில் இப்படி ஒரு வரி கிடையாது.

அவர் உண்மையில் எழுதியது இதைவிடச் சுவையானது. 1219இல், சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த சமயத்தில், எகிப்தில் சுல்தான் அல் காமிலைப் போய்ப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பியவர் அவர். பிறகு 1221இல் தம் சபைச் சகோதரர்களுக்கு எழுதிய விதிமுறையில், இஸ்லாமியரிடையே போய் வாழ விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறார். ஒன்று: சண்டை, வாக்குவாதம் எதுவும் செய்யாமல், கடவுளை முன்னிட்டு எல்லாருக்கும் பணிந்து வாழ்ந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை அறிக்கையிடுவது. இரண்டு: கடவுளுக்குச் சித்தம் என்று காணும்போது அவருடைய வார்த்தையை வெளிப்படையாக அறிவிப்பது.

முதல் வழியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பணிந்து, அமைதியாக வாழ்கிற அந்த வழியில்கூட "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்று சொல்லிவிட வேண்டும். வாயை முழுக்க மூடிக்கொள்ளும் மூன்றாவது வழி ஒன்றை அவர் தரவே இல்லை. அது நாமாக வசதிக்குச் சேர்த்துக்கொண்டது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல் நற்செய்தி அறிவிப்பைப் பற்றி எழுதிய ஏட்டில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார். இந்தக் காலத்து மனிதர் போதகரைவிடச் சாட்சிகளுக்கே அதிகம் காது கொடுக்கிறார், போதகருக்குக் காது கொடுத்தாலும் அவர் சாட்சியாக இருப்பதால்தான் கொடுக்கிறார் என்று ஓரிடத்தில் வருகிறது. பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அதே ஏட்டில், எவ்வளவு நல்ல சாட்சிய வாழ்வாக இருந்தாலும் அதற்கு விளக்கம் சொல்லாவிட்டால் நாளடைவில் பயன்படாமல் போகும் என்றும் எழுதியிருக்கிறார். இதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு கிறிஸ்தவரின் வாழ்க்கையைப் பார்த்து "இவங்க ஏன் இப்படி இருக்காங்க?" என்ற கேள்வி பிறருக்கு எழ வேண்டும் என்கிறார் அவர். அந்தக் கேள்வியை எழுப்புவது செயல். எழுந்த பிறகு பதில் சொல்ல வாய் வேண்டும்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இங்குள்ள நம் ஆட்கள் செயலில் மோசமில்லை. அன்னதானமா, ரத்த தானமா, ஊர்த் தம்பி ஒருவருக்கு விபத்தா, ஓடி வந்து நிற்பார்கள். தடுமாறுவதெல்லாம் சொல்லில்தான். "நான் வாழ்ந்து காட்டறேன், பேச மாட்டேன்" என்பது கேட்கப் பணிவாக இருக்கும். எனக்கு அது பணிவு இல்லை, கூச்சம். லிஃப்டில் அதுதான் என் வாயை அடைத்தது.

நண்பரிடம் சொன்ன கதை

இதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அந்தக் கதையில் எல்லாரும் புனிதரைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அவருடைய நண்பரை.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தவர். ஒரு கட்டத்தில் குடும்பத்தில் அடி மேல் அடி. ஆடு மாடுகள் செத்தன, பயிர் நஷ்டமானது, மனசு உடைந்துபோனார். அவரோடு வேலை பார்த்தவர் டி லனாய். 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கும் தளபதியானவர். அவர் ஒரு கத்தோலிக்கர்.

வாடிய முகத்தைப் பார்த்து டி லனாய் என்னவென்று விசாரித்தார். பிள்ளை தன் கஷ்டத்தைக் கொட்டினார். டி லனாய் அதன் பிறகு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத ஒரு மனிதரின் கதை. தோற்று, கைதாகி, ஊர் திரும்ப முடியாமல் போன ஒருவர் அதைச் சொல்கிறார் என்பதை மறக்க வேண்டாம். யோபுவைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இருந்தது.

நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், அதற்காகவும் வெறுப்பைச் சம்பாதித்தார். கைதாகி, சித்திரவதைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். குமரிப் பக்கத்துச் சொந்தங்கள் இங்கேயும் உண்டு. அன்று எத்தனை வீட்டுத் தொலைக்காட்சியில் ரோம் ஓடியது என்று எனக்குத் தெரியும்.

டி லனாய் செய்ததை வரிசையாகப் பாருங்கள். முதலில் முகத்தைக் கவனித்தார். கேட்டார். காது கொடுத்தார். கடைசியில்தான் சொன்னார். அவர் எடுத்தது கதையை, கோட்பாட்டை அல்ல. உங்கள் சாமி பெரிதா எங்கள் சாமி பெரிதா என்ற பேச்சே வரவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற ஊக்கவுரையிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான் வருகிறது. முதலில் மற்றவர் தன் சந்தோஷத்தையும் கவலையையும் பேசட்டும், அதற்குப் பிறகே கடவுளுடைய வார்த்தை என்கிறார். யாருக்கும் தெரிந்த பழக்கவழக்கம்தான் இது. வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்த பிறகுதானே நாம் பேச்சை ஆரம்பிப்போம்?

இங்கே முன்மாதிரி என்றால்

சிங்கப்பூரில் கத்தோலிக்கச் சமயம் நிலைத்ததில் பேச்சைவிடப் பராமரிப்புக்குப் பங்கு அதிகம். 1854இல் வந்த கன்னியர்கள் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் கான்வென்ட் நடத்தினார்கள். அதன் சிறு கதவருகே விட்டுச் செல்லப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். அந்த வளாகம் இன்றைய சைம்ஸ். அங்கே இரவு விருந்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கதவைக் கவனிக்கிறார்களோ. 1949இல் வந்த பிரான்சிஸ்கன் சிஸ்டர்கள் காசநோயாளிகளையும் தொழுநோயாளிகளையும் கவனித்தார்கள், பின்பு 1961இல் மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையைத் திறந்தார்கள். கான்வென்ட்டில் படித்த இந்துப் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். சிஸ்டர் அடித்த அடியையும் சொல்வார்கள், மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவும் செய்வார்கள்.

தமிழர்களுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சீனர்களோடு சேர்ந்து குவீன் ஸ்ட்ரீட்டில் உள்ள பேதுரு பவுல் கோயிலில் பூசை கண்டார்கள். அவர்களைக் கவனித்த பிரெஞ்சுக் குரு பாரிஸ் சாமி தமிழ் கற்றுக்கொண்டவர். தமிழர்களுக்கென்று தனிக் கோயில் எழ வேண்டும் என்று உழைத்து, அதைப் பார்க்காமலே 1883இல் இறந்தார். 1888இல் ஒஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில் எழுந்தது. நமக்கு யாரோ ஒருவர் 'ழ'கரத்தோடு மல்லுக்கட்டிப் பேசினார் என்பதை அங்கே மண்டியிடும்போது நினைத்துக்கொள்வேன். அவருக்கும் முன்பே, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், ஆட்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, தெருவில் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் பேசிய தமிழ் எப்படி இருந்திருக்குமோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

நமக்கு வாய்ப்பது இவ்வளவு பெரிய காரியங்கள் இல்லை. புளோக் வாழ்க்கையில் முன்மாதிரி என்பது வெகு சின்ன விஷயங்களில் தெரியும். காப்பிக்கடையில் தட்டு எடுக்கும் வயதானவரை அங்கிள் என்று கூப்பிட்டு நன்றி சொல்வது. ஓவர்டைம் கணக்கில் கூட்டி எழுதாமல் இருப்பது. கூட வேலை செய்பவரைப் பற்றி மதிய உணவு மேஜையில் புறணி ஓடும்போது அதில் சேராமல் இருப்பது. இது எனக்கு இன்னும் வரவில்லை. தப்பு நம் பக்கம் என்றால் மன்னிப்புக் கேட்பது, அதுவும் நமக்குக் கீழே வேலை செய்பவரிடம் கேட்பது.

வீட்டுப் பணிப்பெண் விஷயம் தனி. ஞாயிறு பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, அவர்களுக்கு ஓய்வுநாள் தர முகம் சுளிக்கிற வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்கு நற்செய்தி வேறு பக்கத்திலிருந்து வர வாய்ப்பிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழுந்து, இருப்பதில் நல்ல உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்தி, இரண்டு பஸ் மாறிப் பூசைக்குப் போய்வருகிற பிலிப்பினோ பெண்ணைப் பார்த்தே கோயிலுக்குத் திரும்பிய முதலாளி அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பெண் அவரிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஒரு நாள் அம்மாதான் கேட்டார், "உனக்குக் களைப்பா இருக்காதா?" என்று. அந்தப் பெண் சொன்ன பதில்: "அங்கே போனாத்தான் மேடம் களைப்பு போகும்."

சொல்லத் தெரியாமல் விழிக்கும்போது

இப்போது சொல்லுக்கு வருவோம். பேதுருவின் முதல் கடிதம் 3ஆம் அதிகாரத்தில் இதற்கு நேரடியான அறிவுரை உண்டு. உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எப்போதும் தயாராயிருங்கள், அதையும் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். யாராவது கேட்டால் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. காப்பி குடிக்க உட்கார்ந்தவரை நாமாகப் பிடித்து உலுக்க வேண்டியதில்லை. ஆனால் தயாராயிருங்கள் என்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

தமிழர்களிடையே கேள்வி சுலபமாகவே வரும், ஏனென்றால் பழக்கங்கள் ஒன்றுக்கொன்று உரசுகின்றன. தவக்கால வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டோம் என்றால் இந்து நண்பருக்கு உடனே புரியும், அவர் வீட்டிலும் வெள்ளி சைவம்தான். "அப்ப ஏன் மீன் சாப்பிடறீங்க?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு நானே சிரித்துவிடுவேன். ஆண்டவர் சிலுவையில் உடலைத் தந்த நாள் வெள்ளி, அதை நினைத்து இறைச்சியை விடுகிறோம், மீனைத் திருச்சபை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று உள்ளபடி சொன்னால் போதும். மீன் தலைக் குழம்பு ஒரு தவமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நம் கோயில் தமிழ் இன்னொரு சிக்கல். மீட்பு, இறையாட்சி, அருள்சாதனம், நற்கருணை. பூசையில் இவை காதுக்கு இதம். லிஃப்டில் இவற்றால் பேச முடியாது. அப்பம் வாங்கச் செல்லும் வரிசையைப் பார்த்து "அது பிரசாதமா?" என்று ஒரு தோழி கேட்டாள். "பிரசாதம் மாதிரிதான் தெரியும், ஆனா எங்களுக்கு அது இயேசுவேதான். அதனாலதான் அவ்வளவு மரியாதையா வாங்குறோம்" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மேலே கேட்டால் மேலே சொல்லலாம். வகுப்பில் நான் பெரியவர்களிடம் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு: கோயில் சொல் ஒன்றுகூட வராமல், மூன்று வாக்கியத்தில், நீங்கள் ஏன் இன்னும் ஜெபிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். முதல் முறை யாருக்கும் வராது. இளையவர்கள் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவார்கள். பாட்டியிடம் 'அருள் நிறைந்த மரியே' கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான், ஆனால் கடவுளைப் பற்றித் தமிழில் பேசிப் பழகியதில்லை. ஆங்கிலத்திலேயே சொல்லட்டும், உண்மையைச் சொன்னால் சரி.

ஒரு அக்கா சொன்ன மூன்று வாக்கியம் மனசில் நிற்கிறது. "என் புருஷன் ஐசியூவில கிடந்தப்ப எனக்கு யாருமில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஜெபமாலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், தனியா இருக்கற மாதிரியே தோணல. அவர் பிழைக்கல, ஆனா அந்த ராத்திரி பொய்யில்ல." அதிசயமாகக் குணமாகிவிட்டார் என்று முடியாத சாட்சியம் அது. இப்படிப்பட்டதைத்தான் மனிதர்கள் நம்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம். "பாதர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, உண்மையாகவே கேட்டு, அடுத்த வாரம் வந்து சொன்னால், அந்த ஞாபகமே ஒரு மரியாதை. பிற கிறிஸ்தவ சபைத் தமிழர்கள் "மாதாவைக் கும்பிடலாமா?" என்று கேட்டு வாதத்துக்கு இழுப்பார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், மாதாவிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். வாதத்தில் ஜெயித்து ஆளை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

"இதைப் பத்து பேருக்கு அனுப்பாவிட்டால்" என்று வரும் வாட்ஸ்அப் செய்திகள் நற்செய்தி அறிவிப்பு ஆகாது. தொல்லை.

எல்லை எங்கே?

"சிங்கப்பூர்ல இதெல்லாம் பேசலாமா, சட்டப் பிரச்சினை வராதா?" என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். அரசமைப்புச் சட்டம் 15ஆம் பிரிவு, ஒருவர் தன் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்குக்கு ஊறு வரக்கூடாது என்ற வரம்போடு. 1990இல் நிறைவேறி 2019இல் திருத்தப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கவலை வேறு: பிற சமயத்தின் மேல் பகையும் வெறுப்பும் கிளப்புவது. எதிர்வீட்டு அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவருடைய பூஜையறையைப் பற்றி இளக்காரமாகப் பேசினால் அது வேறு கதை.

இதில் சட்டத்தைவிடத் திருச்சபையே கறாராக இருக்கிறது. 1965இல் வந்த, சமயச் சுதந்திரம் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க அறிக்கை, விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலின் சாயலோ நேர்மையற்ற தூண்டுதலோ இருக்கக்கூடாது, அதிலும் ஏழைகளிடமும் படிப்பறிவில்லாதவரிடமும் கூடவே கூடாது என்கிறது. அதே ஆண்டின் இன்னொரு அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. திருச்சபை ஆள் பிடிப்பதால் வளர்வதில்லை, ஈர்ப்பால்தான் வளர்கிறது என்று எழுதிய பிரான்சிஸ், 2024 செப்டம்பரில் இங்கே வந்தபோது தேசிய விளையாட்டரங்கில் பெரும் பூசை வைத்தார், மறுநாளே கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரியில் பல சமய இளையரோடு உட்கார்ந்து பேசினார். இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர்தான்.

நடைமுறைக்கு வந்தால், உங்களை நம்பிப் பிழைப்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். சம்பளம் கொடுக்கிறவர், மருத்துவமனைக் கட்டில் பக்கம் நிற்கிறவர், வகுப்பு எடுக்கிறவர் வாய் திறந்தால் எதிரே இருப்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரம் குறைவு. விடுதியில் தங்கி வேலை பார்க்கிற தம்பிக்கு அரிசிப் பை கொடுத்தால் அரிசிப் பையாகவே கொடுங்கள். அதற்குள் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள். ஏன் கொடுத்தீர்கள் என்று அவரே கேட்டால் பிறகு பார்க்கலாம்.

"வந்து பாருங்க"

யோவான் நற்செய்தி முதல் அதிகாரத்தில், நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வருமா என்று நத்தனியேல் நக்கல் அடிக்கிறார். பிலிப்பு வாதாடவில்லை. "வந்து பாரும்" என்கிறார். இங்கே அதற்கு வசதி அதிகம். சனிக்கிழமைகளில் தாம்சன் ரோட்டில் உள்ள நொவீனா கோயிலில் நடக்கும் நவநாள் ஜெபத்துக்குக் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வருவார்கள், கேட்ட வரம் கிடைத்தவர்களின் நன்றிக் கடிதங்களை அங்கே வாசிப்பார்கள். ஒரு எம்ஆர்டி நிலையத்துக்கே அந்தப் பக்தியின் பெயர்தான். லூர்து மாதா கெபி (குகைபோல அமைத்த சிறு பீடம்) முன்னால் பூ வைத்துவிட்டுப் போகிற இந்து அம்மாக்களுக்கு யாரும் அழைப்பிதழ் கொடுத்ததில்லை.

பூசைக்கு யாரையாவது கூட்டிப்போனால் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். எல்லாரும் எழுந்தால் எழுந்தால் போதும், ஒன்றும் சொல்ல வேண்டாம். நற்கருணை வரிசையில் வர விரும்பினால் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டால் ஆசீர் தருவார்கள், அப்பம் தர மாட்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டு, வந்தவர் பீடத்தின் முன் தடுமாறி நின்றதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை.

இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவராகவே சொன்னால் பெரியவர்கள் திருச்சபையில் சேருமுன் படிக்கிற, ஆர்.சி.ஐ.ஏ. என்று நாம் கூப்பிடுகிற வழிகாட்டல் பங்கில் இருக்கிறது. பல மாதங்கள் போகும், பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) இரவில் ஞானஸ்நானத்தோடு முடியும், நடுவில் எந்த வாரமும் விலகிக்கொள்ளலாம். கூடவே உட்கார ஒருவர் துணைக்கு இருப்பார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நான்தான் முதலில் வேர்த்துப்போவேன்.

எதிர்வீட்டு அக்கா விஷயம் அப்படியே நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, சுண்டல் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். "அக்கா, அன்னைக்குக் கேட்டீங்களே" என்று ஆரம்பித்து, ஓலை, சாம்பல், மண்ணுக்குத் திரும்புவோம் என்று நினைவூட்டுவது, அதோடு எங்களுக்குக் கதை முடியாது என்று நாங்கள் நம்புவது, எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொன்னேன். அழகாக ஒன்றும் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் சுண்டல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமனாரைப் பற்றிப் பேசினார். ஒரு மணி நேரம் இருக்கும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது, "மாமாவுக்காக உங்க மாதாகிட்ட ஒரு மெழுகுவர்த்தி ஏத்துவியாம்மா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஏற்றினேன். திங்கள் காலை லிஃப்டில், "ஏத்துனியா?" என்று கேட்டார். "ஏத்தினேன்கா, பெரிய திரியாவே வாங்கினேன்" என்றேன்.